நம்மூரில் ஏது மைனஸ்?

காஷ்மீர்
18 நவம்பர் 2025

அம்மிணி தனப்பிரியா,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். நம்மூர் ப்ரீபெய்டு சிம்மோ இங்கே எடுப்பதில்லை. அதனால் ஹமீதா அக்கா வீட்டு வைஃபையில் உட்கார்ந்து கம்பெனி மெயிலில் கட்டின பொண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறேன். சின்னுசாமி அண்ணன் படித்தால் படிக்கட்டும். முதலாளிக்குத் தெரியாத சண்டையா நம் சண்டை? அவர் மேசைக்கு முன்னால்தானே நடந்தது.

வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியும் உடையாமல் வந்தது. ரயிலில் அதை மடியை விட்டு இறக்கவே இல்லை. எதிர் சீட்டுக்காரர் "குழந்தைக்குப் பால் வேண்டுமா" என்று கேட்காததுதான் குறை. நீ வழியனுப்ப வரவில்லை என்பதை ஈரோடு தாண்டும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஹமீதா அக்காவை உனக்கு நினைவிருக்கும். போன சித்திரையில் நாமக்கல்லுக்குக் கோழிப் பண்ணை பார்க்க வந்துவிட்டு, வெயில் தாங்காமல் நம் சேலம் ஆபீஸ் ஏசியில் அரை நாள் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். ஷெட்டுக்குள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு சூடு என்று பார்த்து நம் பெட்டி தானாகவே ஃபேனையும் ஹீட்டரையும் ஓட்டுவதைக் கண்டு, அப்போதே தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அந்த அவசரம் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. போன குளிர்காலத்தில் இவர் வாங்கி விட்ட குஞ்சுகள் ஒரே வாரத்தில் விறைத்துச் செத்துப்போயின. ஒன்றுகூடத் தங்கவில்லை. "இன்னொரு தரம் அள்ளிக் குழியில் போட என்னால் ஆகாது தம்பி" என்றார். லாரிக்காரர்களிடம் கற்ற என் அரைகுறை ஹிந்திக்கே அது புரிந்தது.

வருகிற இருபத்தேழாம் தேதி நாலாயிரம் குஞ்சு வருகிறது. அதற்குள் பெட்டியை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்று மாட்டியாகிவிட்டது. பகல் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஹமீதா அக்கா டீ மேல் டீயாகக் கொடுக்கிறார், உப்பு டீ. பழகிவிட்டது.

சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் வராது. இருந்தாலும் கேட்கிறேன்.

சந்தோஷ்

*

சேலம்
19 நவம்பர் 2025

திரு. சந்தோஷ்குமார் அவர்களுக்கு,

தங்கள் மெயில் கிடைத்தது. பெட்டி மாட்டப்பட்ட விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது.

வெளியே வைக்கும் சென்சார் வெயில் நேராகப் படாத இடத்தில், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்க வேண்டும். இதைத் தாங்கள் கிளம்பும் முன்பே சொல்ல நினைத்தேன். சொல்ல விடவில்லை.

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பெட்டி எந்த நிலையில் இருந்தாலும் தானாக ஓடும் ஆட்டோ நிலைக்குத் திரும்பிவிடும். இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவும். தங்களுக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்ல முடியாவிட்டால் செய்து காட்டவும்.

சாப்பாடு பற்றிய கேள்வி கம்பெனி வேலை சம்பந்தப்பட்டதல்ல. சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
ச. தனப்பிரியா
புரோகிராம் பிரிவு (பிரிவில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும்)

பின்குறிப்பு: ஸ்வெட்டர் பைக்கு அடியில் இருக்கிறது. தேடிப் பார்க்காமல் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

*

காஷ்மீர்
20 நவம்பர் 2025

தனம்,

ஸ்வெட்டர் கிடைத்தது. ஆனால் இந்தக் கடிதம் ஸ்வெட்டருக்கு நன்றி சொல்ல அல்ல.

இன்று விடிந்தும் விடியாத நேரத்தில் ஹமீதா அக்கா கதவைப் போட்டு உடைத்தார். "பங்கா! பங்கா!" என்று ஒரே கூச்சல். அவர்கள் பாஷையில் ஃபேன். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். ஷெட்டில் ஹீட்டர் எல்லாம் அணைந்து கிடக்கிறது, அத்தனை ஃபேனும் முழு வேகத்தில் சுற்றுகிறது. மூச்சு விட்டால் புகையாகப் போகிற குளிரில் வெளிக்காற்றை வாரி வாரி உள்ளே இழுக்கிறது உன் பெட்டி. டிஸ்பிளேயில் வெளி வெப்பம் என்ற இடத்தில் எண்ணே இல்லை. 'ஹை' என்று மின்னுகிறது. சூடு அளவுக்கு மீறிப் போய்விட்டதாம்! எனக்குக் காது மடல் கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது, அதற்கு மட்டும் அக்னி நட்சத்திரம்.

சுவிட்சைக் கையால் ஓட்டும் மேனுவலுக்குத் தள்ளி ஃபேனை நிறுத்தினேன். வெயில் ஏறிய பிறகு மறுபடி ஆட்டோவில் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல ஒழுங்காக ஓடுகிறது.

நல்ல வேளை, ஷெட் காலி. குஞ்சு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹமீதா அக்கா அணைந்த ஹீட்டரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஷெட் நடுவில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கோபத்தில் புரோகிராம் கோடு எழுதினால் இப்படித்தான் ஆகும். என்ன செய்து வைத்தாய், உண்மையைச் சொல்.

சந்தோஷ்

*

சேலம்
21 நவம்பர் 2025

திரு. சந்தோஷ்குமார் அவர்களுக்கு,

'ஹை' என்று வந்தால் சென்சார் ஒயர் லூஸாக இருக்கிறது, அல்லது தாங்கள் அதை ஹீட்டர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதே பெட்டி ராசிபுரத்தில் ஓடுகிறது, வாழப்பாடியில் ஓடுகிறது. எங்கும் விடியற்காலையில் அதற்குப் பைத்தியம் பிடித்ததில்லை. ஆகவே முதலில் ஒயரைப் பார்க்கவும்.

கோபத்தில் எழுதினேன் என்கிறீர்கள். கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது? நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் கம்பைலர் பக்கம் பக்கமாக வார்னிங் கொடுத்தது. ஒவ்வொன்றாகப் பார்க்க மூன்று நாள் வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வார்னிங்தான அம்மிணி, எரர் இல்லியே. கம்முனு இரு, நாளைக்கு ட்ரெயினு." சின்னுசாமி அண்ணன் இருக்கிறார், டீ கொண்டு வந்த கோகிலவாணி இருக்கிறாள், எல்லோருக்கும் முன்னால். கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வேலைக்கென்றே படித்து, ஆறு வருஷம் வேலை செய்தவளைப் பார்த்துக் கம்முனு இரு.

வீட்டில் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். ஆபீஸில் சொன்னீர்கள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அதனால்தான் பிளாக்.

ஒயரைப் பார்க்கவும்.

தனப்பிரியா

*

காஷ்மீர்
22 நவம்பர் 2025

தனம்,

ஒயரைப் பார்த்தேன். சாலிடரைக் கழற்றி மறுபடி வைத்தேன். கைவசம் இருந்த சென்சார் அத்தனையும் மாற்றி மாற்றிப் போட்டேன். புகைக்குழாய் அந்தக் கோடியில் இருக்கிறது, சென்சார் இந்தக் கோடியில் வாதுமை மரத்தடியில் இருக்கிறது. நானும் ஒன்றும் நேற்று ஸ்க்ரூடிரைவர் பிடித்தவன் இல்லை. சாயங்காலம் சரியாகக் காட்டுகிறது, ஆறு, நாலு, இரண்டு என்று இறங்குகிறது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் 'ஹை'. இன்றும் அதேதான்.

இந்த ஊர்க் குளிரை உனக்கு எப்படிச் சொல்வது? இன்று காலை பல் விளக்க வாளியில் கையை விட்டேன், கை உள்ளே போகவில்லை. தண்ணீர் மேலே கண்ணாடித் தகடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. தட்டி உடைத்து ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன். ஹமீதா அக்கா மகள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும், ஃபிரிட்ஜ் இல்லாமல் ஐஸை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி காரியத்துக்கு வருகிறேன். மேனுவலிலேயே ஓட்டலாமா என்று யோசித்தேன். ஆகாது. ஹீட்டர் புகை வெளியே போக ஃபேன் கொஞ்சம் ஓடியே ஆக வேண்டும், கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இங்கே கரண்ட் நினைத்தபோது போகிறது, வருகிறது. வந்தால் பெட்டி ஆட்டோவுக்குப் போய்விடும் என்று நீயே எழுதினாய். மாதக்கணக்கில் யார் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது?

குஞ்சு லாரி இருபத்துநாலு மதியம் கிளம்புகிறது. வேண்டாம் என்றால் அதற்கு முன் சொல்லிவிட வேண்டும், அப்புறம் வழியில் திருப்ப முடியாது. இந்தத் தரம் வேண்டாம் என்று சொன்னால் ஹமீதா அக்கா இனிக் கோழி பக்கமே போக மாட்டார். ஷெட்டைப் பிரித்துத் தகரத்தை விற்கச் சொல்லி அவர் வீட்டுக்காரர் ஏற்கெனவே நச்சரிக்கிறார்.

என்ன சொல்லட்டும், நீ சொல். சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, தனம்.

சந்தோஷ்

*

சேலம்
23 நவம்பர் 2025, ஞாயிறு

ஏனுங்க,

உங்கள் வாளியைப் படித்தேன். படித்துவிட்டு இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடிவந்தேன். சாவி சின்னுசாமி அண்ணன் வீட்டில். "ஞாயித்துக்கெழம என்ன அம்மிணி வேல?" என்று கேட்டார். வாளியில் தண்ணீர் உறைந்துவிட்டது என்றேன். ஒன்றும் புரியாமல் சாவியைக் கொடுத்தார்.

கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் ஒயரில் கோளாறு இல்லை, சென்சாரில் இல்லை, கோளாறு என் கோடில். பொறுமையாகப் படியுங்கள்.

நாம் எழுதுவதைப் பெட்டிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். பெட்டிக்குள் ஒரு எண்ணை இரண்டு விதமாக வைக்கலாம். சைன்டு என்று சொல்லி வைத்தால் மைனஸும் அதில் நிற்கும். அன்சைன்டு என்றால் பூஜ்யத்துக்குக் கீழே அதற்கு உலகமே கிடையாது. இந்த இரண்டு வகையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கம்பைலர் எச்சரிக்கும். அன்று பக்கம் பக்கமாக வந்தது அதுதான். நீங்கள் கம்முனு இரு என்றீர்களா, நான் அதையே கம்பைலருக்குச் சொன்னேன். எந்த எண் வந்தாலும் கம்பைல் ஆகும்போதே அதை அன்சைன்டாக மாற்றிவிடும்படி ஒரு சின்னத் துண்டுக் கோடு எழுதி எல்லா இடத்திலும் செருகினேன். மறு நிமிஷம் ஒரு வார்னிங் இல்லை. எனக்கு அன்று எவ்வளவு திருப்தி தெரியுமா? போய்ச் சேரட்டும் என்று.

கண்ணை மூடிக்கொண்டும் செய்யவில்லை, யோசித்தேன், அதுதான் வெட்கக்கேடு. கோழி எண்ணிக்கை மைனஸில் வருமா? வராது. ஃபேன் வேகம்? வராது. வெப்பம்? வரவே வராது என்று ஒரு நொடியில் தாண்டிப் போய்விட்டேன். நான் பரமத்தி வேலூரில் பிறந்தவள். மார்கழியில் இருபது டிகிரி ஆனாலே என் அப்பா குல்லா மாட்டிக்கொண்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போவார். சேலத்துக்கு வந்து வேலை செய்கிறேன், நாமக்கல் பண்ணைகளுக்கு எழுதுகிறேன். காஷ்மீருக்குப் போகிற பெட்டி என்று தெரியும், ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்தேன். உங்களுக்குக் குளிரும் என்று தோன்றியது, பெட்டிக்குக் குளிரும் என்று தோன்றவில்லை.

பழைய லாரியின் கிலோமீட்டர் மீட்டரைப் பூஜ்யத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் திருப்பினால் என்ன காட்டும்? எல்லாம் ஒன்பதாக நிற்கும். அதேதான் நடந்திருக்கிறது. சென்சார் மைனஸ் ஒன்று என்று உண்மையைத்தான் சொன்னது. என் துண்டு அதை அன்சைன்டாக்கி, பெட்டி கொள்கிற மிகப் பெரிய எண்ணுக்குக் கொண்டுபோனது. வெளியே ஆறாயிரத்து ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்று பெட்டி நம்பிவிட்டது. குஞ்சுகளைக் காப்பாற்றத்தான் பாவம், இருக்கிற ஃபேனை எல்லாம் போட்டது.

சரி செய்ய முடியும். அந்தத் துண்டைத் தூக்கிவிட்டேன், வார்னிங் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒன்று விடாமல் பார்க்கப் போகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் புது ஃபைல் அனுப்புகிறேன்.

குஞ்சு லாரியை நிறுத்த வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முடிவு உங்களுடையது, ஹமீதா அக்காவுடையது. போன தடவையும் நான் சரி என்றுதான் அனுப்பினேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமாகவே எழுதுங்கள். பேசினால் இடையில் பேசுவீர்கள்.

தனம்

*

காஷ்மீர்
24 நவம்பர் 2025

தனம் கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். ஆறாயிரத்து ஐந்நூறு டிகிரி! அந்தச் சூட்டில் நானும் ஹமீதா அக்காவும் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு காகிதத்தில் லாரி மீட்டர் வரைந்து காட்டினேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "உங்கள் ஊரில் தண்ணீர் உறையவே உறையாதா?" உறையாது என்றேன். "அப்படியானால் எழுதியவர் மேல் குற்றமில்லை" என்றார்.

லாரியை வரச் சொல்லிவிட்டார். அவரேதான் சொன்னார், நான் சொல்லவில்லை. போனில் வரட்டும் வரட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

நீ எழுதிய துண்டு பாதி, நான் எழுத வைத்தது பாதி. அன்று உன்னைக் கம்முனு இரு என்றது தப்பு. ஆபீஸில் சொன்னது அதைவிடத் தப்பு. கோகிலவாணி முன்னாலும் சொல்கிறேன், அண்ணன் முன்னாலும் சொல்கிறேன். இந்த மெயிலை அவர் படிப்பதாக இருந்தால் இப்போதே படித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ எந்த ஃபைல் அனுப்பினாலும், குஞ்சு வந்த பிறகு விடியற்காலையில் நான் சுவிட்ச் மேல் கையை வைத்துக்கொண்டுதான் நிற்பேன். கோபித்துக்கொள்ளாதே. இந்த மனுஷியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

சந்தோஷ்

*

சேலம்
25 நவம்பர் 2025

ஏனுங்க,

கோபமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நிற்பேன். நேற்று வரைக்கும் நான் எழுதியதை நானே நம்பவில்லை, உங்களை நம்பச் சொல்வேனா?

ஃபைல் இந்தக் கடிதத்தோடு வருகிறது. ஆனால் அது எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நேற்று சாயங்காலமே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெப்பம் எல்லாம் சைன்டு, எண்ணிக்கை எல்லாம் அன்சைன்டு. ஆனால் சோதித்துப் பார்க்க மைனஸுக்கு எங்கே போவது? சேலத்தில் எந்தத் தெருவில் மைனஸ் கிடைக்கும்? கோகிலவாணிதான் வழி சொன்னாள். பெட்டி ஒன்றையும் சென்சாரையும் எடுத்துக்கொண்டு நானும் அவளும் ஆட்டோவில் செவ்வாய்ப்பேட்டை போனோம். மளிகை மண்டிகளுக்கு நடுவில் சௌந்திரம் அக்கா ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிறார். பெரிய பெரிய ஃபிரீசர்.

"என்ன வேணுங் கண்ணு?"

"எனக்குக் கொஞ்சம் மைனஸ் வேணுங்கக்கா."

"அதென்ன ஐஸு? நம்மகிட்ட குல்ஃபி இருக்குது, கோன் இருக்குது, கப்பு இருக்குது. மைனஸு இன்னும் வரலியே சாமி."

கோகிலவாணி சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஒரு ஃபிரீசரைத் திறந்து குல்ஃபியை ஒதுக்கி இடம் போட்டுக் கொடுத்தார். சென்சாரை உள்ளே வைத்தேன். டிஸ்பிளே இறங்கியது. மூன்று, ஒன்று, பூஜ்யம், மைனஸ் ஒன்று! முதன்முதலாக என் பெட்டியில் மைனஸ் குறியைப் பார்க்கிறேன். கைதட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அதற்குள் பெட்டிக்குள் ஃபேனைப் போடுகிற ரிலே படபடவென்று தட்டி அத்தனை ஃபேன் விளக்கும் எரிந்தது. அழுகை வந்துவிட்டது. கடைக்கு முன்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது, மூட்டை தூக்குகிறவர் வழி கேட்கிறார், நான் குல்ஃபிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். "காத்துப் பட்டா ஐஸு கரையும் கண்ணு, மூடிட்டு அழுவு" என்றார் சௌந்திரம் அக்கா.

ஆபீஸுக்கு வந்து பார்த்தால், ஒரே ஒரு பழைய ஃபைலில் வார்னிங்கை நிறுத்தி வைத்திருந்ததை எடுக்க மறந்திருக்கிறேன். அதில் எத்தனை டிகிரிக்கு மேல் ஃபேன் ஓட வேண்டும் என்ற அளவு அன்சைன்டாக இருக்கிறது. சைன்டையும் அன்சைன்டையும் பக்கத்தில் வைத்தால் புரோகிராம் மொழியே சத்தமில்லாமல் சைன்டை அன்சைன்டாக்கிவிடும். டிஸ்பிளேக்குப் போனது மைனஸ் ஒன்று, ஃபேனுக்குப் போனது மறுபடி ஆறாயிரம்.

இந்தத் தடவை அதை மட்டும் திருத்திவிட்டு விடவில்லை. புதிதாக ஒரு துண்டு எழுதினேன். முந்தியதும் கம்பைல் ஆகும்போதே வேலை செய்தது, இதுவும் அப்படித்தான். ஆனால் அது வாயை அடைத்தது, இது வாயைத் திறக்கிறது. இரண்டு எண்ணும் இரண்டு வகையாக வந்தால், இரண்டும் மைனஸோடு கொள்கிற பெரிய இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அங்கே வைத்து ஒப்பிடும். இல்லாவிட்டால் ஃபைலே உருவாகாது, எரர். வார்னிங் இல்லைங்க, எரர். தப்பு இருந்தால் இங்கே என் மேசையிலேயே நின்றுவிடும், ரயில் ஏறி உங்களிடம் வராது.

இன்று காலை மறுபடி செவ்வாய்ப்பேட்டை. மைனஸ் இரண்டு, மைனஸ் எட்டு, மைனஸ் பதினைந்து. ஃபேன் விளக்கு ஒன்றே ஒன்று எரிந்தது, ஹீட்டர் விளக்கும் எரிந்தது. பெட்டியின் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன், கரண்ட் போய் வருகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் சரியாகத் திரும்பியது. சௌந்திரம் அக்கா ஆளுக்கொரு குல்ஃபி கொடுத்தார். நின்றுகொண்டே தின்றேன்.

ஃபைலை ஏற்றிவிட்டு நாளை விடியற்காலையில் காலி ஷெட்டில் ஒரு தடவை பாருங்கள். கையை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். காதை மூடிக்கொள்ள மறக்காதீர்கள்.

தனம்

*

காஷ்மீர்
28 நவம்பர் 2025

என் தனத்துக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. இனி நிதானமாகப் படி.

முந்தா நாள் காலி ஷெட்டில் சரியாக ஓடியது, இரண்டு வரி எழுதினேன், கிடைத்திருக்கும். நேற்று மதியம் லாரி வந்தது. வழியில் நசுங்கிச் செத்தது நாலைந்து போக மற்றதெல்லாம் உயிரோடு, உள்ளங்கை அளவுக்குக்கூட இல்லை. ஹமீதா அக்கா, அவர் மகள், நான், மூவரும் ஒவ்வொன்றாக அலகைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விட்டோம். அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

இன்று விடியற்காலையில் நான் சொன்னபடியே சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். டிஸ்பிளே இறங்கிக்கொண்டே போனது. பூஜ்யம் வந்தபோது டிஸ்பிளேயில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றேன். மைனஸ் ஒன்று. ஃபேன் மாறவில்லை. மைனஸ் மூன்று. மைனஸ் ஆறு. ஒரே ஒரு ஃபேன் மெதுவாகச் சுற்றி ஹீட்டர் புகையை மட்டும் வெளியே தள்ளியது.

அப்போது பார்த்து கரண்ட் போனது. ஷெட் இருண்டு போய்க் குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. ஹமீதா அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கரண்ட் வந்ததும் பெட்டி ஆட்டோவில்தான் எழுந்திருக்கும், ஒரு தட்டு தட்டினால் மேனுவலுக்குப் போய்விடும். விரல் சுவிட்ச் மேல் இருக்கிறது. தட்டிவிடு தட்டிவிடு என்று மனசு சொல்கிறது.

அந்த இருட்டில் உன்னைத்தான் நினைத்தேன் அம்மிணி. குல்ஃபிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, மறுநாள் அதே கடைக்குத் திரும்பிப் போய் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினவள். நான் கேட்பதற்கு முன்னாலேயே கரண்ட் போய் வருவதையும் சோதித்துப் பார்த்துவிட்டவள். கையை எடுத்துவிட்டேன். எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டேன்.

கரண்ட் வந்தது. பெட்டி ஒரு நொடி யோசித்தது. மைனஸ் ஆறு என்று காட்டியது. ஹீட்டர் எரிந்தது. ஒரு ஃபேன் மட்டும், மெதுவாக.

வெளிச்சம் வந்ததும் ஹமீதா அக்கா ஷெட்டின் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தார். குளிர்ந்தால் குஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலையில் குவியும், நீயும் பார்த்திருப்பாய். ஒன்றுகூடக் குவியவில்லை. ஷெட் முழுக்கப் பரவி, காலை நீட்டி, சொகுசாகப் படுத்துக் கிடந்தன. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அவர் வீட்டுக்காரர் உள்ளே வந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கீழே விட்டார். தகரம் பற்றிப் பேச்சே இல்லை.

"பெட்டியை யார் செய்தது?" என்று அக்கா கேட்டார். முன்பென்றால் எங்கள் கம்பெனி என்று சொல்லியிருப்பேன். "என்ற ஊட்டுக்காரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கிளம்பி வாரேன்.

சந்தோஷ்

*

சேலம்
28 நவம்பர் 2025

ஏனுங்க மாமா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதினீர்களே, அதற்கு உங்களுக்குக் கோடி புண்ணியம். இல்லாவிட்டால் பாதியில் விழுந்திருப்பேன்.

கரண்ட் போன இடத்தில் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தீர்கள் என்று படித்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, மேலுக்கு முடியலீங்களா? எறங்கோணுமா?" என்று கேட்டார். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் என் ஸ்டாப் எப்போதோ போய்விட்டது, பஸ் கடைசி ஸ்டாண்டில் நின்று எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கவில்லை. "வேற யாரும் இல்லீங்க, எறங்குங்க" என்றார் கண்டக்டர். "சித்தெ இருங்கண்ணா, இன்னொருக்கா படிச்சுக்கறேன்" என்றேன்.

தனம்